படகு கரை சேரும் கடைசி மூன்று நாள்: கரையில் நிற்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடியக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், சில சமயம் சென்னையிலிருந்தேகூட, கயாக்கிலோ (துடுப்பு போட்டுப் போகும் ஒடுக்கமான சின்னப் படகு) சின்னப் பாய்மரப் படகிலோ கரையை ஒட்டியே ராமேஸ்வரம் தீவு வரை வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீடு மண்டபத்தில். தம்பிக்கு நாட்டுப்படகு. அதனால் யார் மூலமாவது என் எண் கிடைத்து, அவர்களுடைய நண்பர்கள் என்னை அழைக்கிறார்கள். கடலில் வருகிறவர்கள் மாதக்கணக்காகத் தயாரானவர்கள். கரையில் நின்று உதவப்போகிறவர்கள் கடைசி வாரத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, படகு வந்து சேர இன்னும் மூணு நாள் இருக்கு. கரையில இருக்கிற நாங்க உண்மையில என்ன செய்யணும்?

மூன்று வேலை. இறங்கும் இடத்தை நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வது, சொல்ல வேண்டியவர்களிடம் முன்கூட்டியே சொல்வது, படகு வருவதற்கு முன்பே அங்கே நிற்பது. மாலை, பேனர், வீடியோ எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடைசி மூன்று நாளில் படகில் இருப்பவர்களுக்கு உடம்பும் ஓய்ந்திருக்கும், மனதும் ஏற்கெனவே கரைக்கு வந்துவிட்டிருக்கும். வரைபடத்தைப் பார்ப்பதும், காற்றைக் கவனிப்பதும் முதல் வாரத்தில் இருந்ததுபோல் இருக்காது. அந்தக் குறையை நிரப்பத்தான் நீங்கள். அவர்களுக்காக யோசிக்கத் தெளிந்த தலை ஒன்று கரையில் இருக்க வேண்டும். நான்கு பேர் வந்தால் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் தனித்தனியாகப் படகுக்குப் போன் செய்தால் நான்கு விதமான செய்தி போகும்.

இறங்குற இடம்னு தனியா பார்க்கணுமா? "ராமேஸ்வரம்"னு சொன்னா போதாதா?

போதாது. இங்கே ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்போம், தெற்கே மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். மண்டபத்திலும் பாம்பனிலும் இரண்டு பக்கமும் படகுகள் நிற்கும். ஒரு முறை படகிலிருந்து "பாம்பன்ல இறங்குறோம்" என்று செய்தி வந்தது. நாங்கள் வடக்குக் கரையில் தண்ணீர் கேனோடு நின்றோம். அவர்கள் தெற்குவாடியில் ஏறி, வெயிலில் படகு நிழலில் படுத்திருந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது, ஆனால் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒருவருக்கு வாந்தி வந்து நின்றபாடில்லை. அன்றிலிருந்து ஊர்ப் பெயரை மட்டும் வைத்து எந்தத் திட்டமும் போடுவதில்லை. கடல் பெயர், துறையின் பெயர், கரையிலிருந்து தெரியும் அடையாளம் ஒன்று (கோயில் கோபுரம், மாதா கோயில், பள்ளிவாசல் மினாரா, செல்போன் டவர்) மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. முடிவிடமாகப் பாம்பன் குந்துகாலை நான் விரும்புவேன். சாலை கரை வரை வருகிறது, கூட்டம் குறைவு. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம், பிறகு மண்டபம் வடகடல். ராமேஸ்வரத்தின் விசைப்படகுத் துறையில் சின்னப் படகுக்கு இடம் கிடைக்காது. நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கி நிற்கும், கயிறும் டீசலும் மிதக்கும். அக்னி தீர்த்தக் கரையில் யாத்ரீகர்கள் குளிக்கும் நடுவில் படகைக் கொண்டுவந்து ஏற்றுவது அவர்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

இடத்தை முந்தின நாள், படகு வரப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். வடகடல் ரொம்ப ஆழம் குறைந்த கடல். சில நாளில் தண்ணீர் உள்வாங்கி, நிற்கிற நாட்டுப்படகுகள் எல்லாம் தரைதட்டிக் கிடக்கும். காலையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்த இடத்தில் மதியம் வெறும் சேறும் கடல்புல்லும் இருக்கலாம். முந்நூறு மீட்டர் சேற்றில் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது, பத்து மணி நேரம் துடுப்பு போட்டவர்களால் ஆகிற காரியமில்லை.

அரிச்சல்முனையில முடிச்சா நல்லா இருக்குமே, கடைசி முனை, போட்டோவும் அழகா வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. ஆசை புரிகிறது. ஆனால் அங்கே வடகடலும் தென்கடலும் சேர்வதால் நீவாடு (நீரோட்டத்தைக் கடற்கரையில் இப்படித்தான் சொல்வோம்) எந்தப் பக்கம் இழுக்கும் என்று வெளியூர் ஆட்களால் கணிக்க முடியாது. குளிக்கவே அனுமதி இல்லாத இடம். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான், கடல் எல்லை அதைவிடக் கிட்டத்தில். களைத்துப்போன ஒரு சின்னப் படகு நீவாட்டில் சிக்கினால் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்டுத் திறந்தார்கள், அதனால் கார் போகும். ஆனால் மாலையில் எல்லா வண்டிகளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். படகு தாமதமானால் நீங்கள் அங்கே நிற்கவே முடியாது. குந்துகாலில் இறங்கி, குளித்து, சாப்பிட்டு, மறுநாள் காலையில் எல்லோரும் காரில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு குழு அப்படித்தான் செய்தது. துடுப்புகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எந்த மாசத்துல எந்தக் கடல் நல்லது?

வாடை வீசும் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் வீசும் தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்கடலில் காற்று உங்களைப் பகலில் நிம்மதியாக இருக்க விடாது. இரண்டு பக்கமும் ஓரளவு சாந்தமாக இருப்பது பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலில் பெரிய படகுகளின் தொந்தரவு குறையும் என்று சிலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சரிதான். ஆனால் ஏதாவது ஆனால் கை கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருப்பதும் அந்த நாட்களில் குறைவு. மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். அவை கூட்டமாகக் கிளம்பும் நேரத்தில் சின்னப் படகு குறுக்கே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றை யாரிடம் கேட்பது? ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று பற்றித் தினமும் முன்னறிவிப்பு தருகிறது, அதைப் பாருங்கள். மீன்வளத் துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுப்பதை நிறுத்தினாலோ, பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ பேச்சுக்கே இடமில்லை. ஒன்றாம் எண் கூண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இதற்கெல்லாம் மேலே, காலை ஐந்து மணிக்குக் கரையில் நிற்கும் ஒரு வயதான மீனவரிடம் "இன்னைக்கு எப்படி அய்யா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் வானத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துச் சொல்வது உங்கள் கரைக்கான கணிப்பு. போனில் வருவது ஒரு பெரிய பரப்புக்கான கணிப்பு.

பாம்பன் பாலத்துக்குக் கீழ எப்படிப் போறது? நமக்காகத் திறப்பாங்களா?

ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கவலை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்படி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். உயரமான பாய்மரம் உள்ள படகு என்றால் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் முன்பே எழுதிக் கொடுத்து, அவர்கள் ரயில்வேயோடு பேசி நாள் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு படகுக்காகத் தனியாகத் தூக்க மாட்டார்கள். காத்திருக்கும் படகுகளையெல்லாம் சேர்த்துத்தான் விடுவார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கயாக்குக்கும், மரத்தைச் சாய்க்க முடிகிற சின்னப் படகுக்கும் பாலம் தூக்க வேண்டியதில்லை. நாட்டுப்படகுகள் தினமும் கீழே போய்வருகின்றன. இங்கே பயப்பட வேண்டியது நீவாட்டுக்கு. வாடைக்காலத்தில் தண்ணீர் வடகடலிலிருந்து தெற்கே பாயும், கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. எதிர்த்துத் துடுப்பு போட்டு ஜெயிக்க நினைக்காதீர்கள். கால்வாயை விட்டு விலகினால் தண்ணீருக்கு அடியில் பாறை. அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் உள்ளூர் நாட்டுப்படகு ஒன்று முன்னால் போக, பின்னாலேயே போவதுதான் என் யோசனை.

யார் யார்கிட்ட சொல்லணும்? சொல்லாம வந்துட்டா என்ன ஆகும்?

கடலோரக் காவல் நிலையத்தில், அதாவது மரைன் போலீஸில், கட்டாயம் சொல்ல வேண்டும். இது எல்லைக் கடல். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமான தளம். அடையாளம் தெரியாத படகு ஒன்று கரையேறினால் விசாரிப்பது அவர்கள் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: படகில் வருபவர்களின் பெயர், ஆதார் நகல், படகின் நிறமும் புகைப்படமும், கிளம்பிய இடம், இறங்கும் இடம், கரையில் பொறுப்பாளரின் எண். அந்தக் காகிதத்தின் நகலில் ரசீது முத்திரை வாங்கிப் படகில் இருப்பவர்களுக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். வழியில் ரோந்துப் படகு நிறுத்தினால் காட்ட அது போதும்.

அடுத்தது ஊர். இறங்கும் ஊரில் ஊர்க் கமிட்டியோ, ஜமாத்தோ, பங்குச் சாமியாரோ, மீனவர் சங்கத் தலைவரோ இருப்பார். போய் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, விஷயத்தைச் சொல்லுங்கள். "எங்க கரை, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்பது இங்கே சின்ன வருத்தம் இல்லை. சொல்லிவிட்டால் அந்த ஊரே உங்கள் பக்கம். முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமையும், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அந்த நாட்களில் உதவ ஆள் நிறைய இருப்பார்கள். ஆனால் எல்லாப் படகும் கரையில் நிற்பதால் உங்கள் படகு ஏற இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி ராத்திரி ஏதாவது தீவுல டென்ட் போட்டுத் தங்கிக்கலாமா? யாரும் இல்லாத தீவு நிறைய இருக்கே?

கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் கால் வைத்தாலே வனத்துறை வழக்கு. முயல் தீவு, மனோலி, அப்பா தீவு என்று பெயர்கள் கேட்க அழகாக இருக்கும். சுற்றிலும் பவளப்பாறை, படகின் அடியும் கிழியும், பவளமும் உடையும். அந்தப் பாறைகள் தடுப்பதால்தான் எங்கள் ஊர்கள் பெரிய அலையிலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கின்றன. தீவைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், வனத்துறையே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது.

இரவுக்குக் கரையில் உள்ள ஊரில் இடம் கேளுங்கள். மேலே சொன்னபடி ஊரில் பேசியிருந்தால் ஏலக்கூடத்திலோ பள்ளி வராந்தாவிலோ படுக்க விடுவார்கள்.

கடல்ல இருக்கிறவங்களோட எப்படிப் பேசிக்கிறது? சிக்னல் கிடைக்குமா?

கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் கிடைக்கும். ராமேஸ்வரம் தீவின் கிழக்குப் பக்கத்தில் போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை முன்பே அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் யாராவது கொண்டுவந்திருந்தால் படகில் ஏற்றவே வேண்டாம். இந்தக் கடலில் அது பெரிய வம்பு. விஎச்எஃப் ரேடியோ வைத்திருந்தால் அவசரத்துக்கு 16-ஆம் சேனல்.

ஒரு நாளைக்கு நான்கு முறை பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: கிளம்பும்போது, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, இறங்கியதும். ஒரே வரி போதும், "வேதாளைக்கு நேரே, எல்லாரும் நலம்" என்று. நடுவில் சும்மா நலம் விசாரித்துப் போன் செய்யாதீர்கள். ஈரக் கையோடு பையைத் திறந்து போனை எடுப்பதற்குள் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும், பேட்டரியும் தீரும்.

சொன்ன நேரத்துக்கு வரலைன்னா எப்போ பயப்படணும்?

குறித்த நேரத்துச் செய்தி ஒன்று தவறினால் பயம் வேண்டாம், குறித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழிந்தும் பேச்சு இல்லை என்றால் கடைசியாகச் செய்தி வந்த இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஊர்களுக்குப் போன் போடுங்கள். கடலிலிருந்து திரும்பும் நாட்டுப்படகு எதிலாவது பார்த்திருப்பார்கள். "சிவப்புக் கயாக் மூணு, பெரியபட்டினத்துக்கு நேரே போகுது" என்று பாதி நேரம் பதில் வந்துவிடும். ஊரில் முன்பே பேசி எண் வாங்கி வைப்பது இதற்கும்தான்.

இரண்டு செய்தி தொடர்ந்து தவறினாலோ, சூரியன் மறைய இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, இன்னும் கண்ணில் படவில்லை என்றாலோ உடனே அழைத்துவிடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு (மரைன் போலீஸ்) 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், வீணா அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று இழுத்து, இருட்டிய பிறகு அழைத்த குழு ஒன்றை எனக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் அரை மணியில் முடிந்திருக்க வேண்டிய தேடல் நள்ளிரவு வரை போனது. எல்லோரும் உயிரோடு வந்தார்கள். அந்த ஆறு மணி நேரம் கரையில் நின்ற அவர்களுடைய அம்மாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தொந்தரவு என்று நினைக்காதீர்கள். தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதில் அவர்களுக்கு வருத்தமே கிடையாது.

கரைக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்?

முதலில் தண்ணீர். குடிக்க மட்டுமல்ல, உடம்பில் ஊற்றவும். பல கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, அதனால் இருபது லிட்டர் கேன்களை ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு கேன் கணக்கு. ஒரு மக்கும் வேண்டும், அதை எல்லோரும் மறப்பார்கள்.

குந்துகாலில் ஒரு பையன் இறங்கியதும் நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கினான், மூடியைத் திருகினான், திரும்பத் திரும்பத் திருகினான். திறக்கவில்லை. கையைப் பார்த்தேன். உள்ளங்கை ஊறி வெள்ளைவெளேர் என்று சுருங்கி, விரல் மடிப்புகளில் தோல் உரிந்து, பழைய கொப்புளத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கியது. அதனால் மூடியைத் திறந்தே கொடுங்கள். பொட்டலத்தைப் பிரித்தே கொடுங்கள். படகை விட்டு எழும்போது இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மடக்கி வைத்த கால் முதல் நிமிஷம் நிற்காது, முழங்கால் தண்ணீரிலேயே விழுந்துவிடுவார்கள்.

சாப்பிட முதலில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, பிறகு கஞ்சியோ மோர்ச்சோறோ. இறங்கியவுடன் பிரியாணிப் பொட்டலம் வேண்டாம், வயிறு தாங்காது, இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பனங்காட்டுப் பக்கம் பதநீர் கிடைக்கும் மாதம் என்றால் காலையில் வாங்கி வையுங்கள், அதைவிட நல்லது இல்லை. நிழலுக்குத் தார்ப்பாய், காய்ந்த கைலியும் துண்டும், உப்பில் உரசிய புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய், இருட்டினால் காட்ட நல்ல டார்ச், முப்பது மீட்டர் கயிறு. ஒருவருக்காவது மயக்கம், குழப்பமான பேச்சு, சிறுநீர் வராமை இருந்தால் ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஒரு நாட்டுப்படகை வாடகைக்கு எடுத்து எதிர்கொண்டு கூட்டிட்டு வரச் சொல்லலாமா?

கடைசி நாளுக்கு மட்டும் செய்யலாம், நல்லதும்கூட. கணக்கு பேசும்போது வெறும் டீசல் காசைப் பேசாதீர்கள். அவர் அன்று தொழிலுக்குப் போகாமல் உங்களோடு வருகிறார். டீசல், படகில் வரும் ஆட்களின் அன்றைய கூலி, படகுக்கு ஒரு பங்கு என்று அவர்கள் வழக்கமாகப் பிரிக்கும் முறையிலேயே கேட்டு, முழுவதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். படகு அன்று வராமல் மறுநாள் தள்ளிப்போனால் அந்த நாளுக்கும் கொடுக்க வேண்டும்.

துணைப்படகு பின்னால் தள்ளித்தான் வர வேண்டும். பக்கத்தில் வந்தால் அதன் அலையே கயாக்கைப் புரட்டும்.

வலை மேலயோ பாசி மிதவை மேலயோ படகு ஏறிட்டா?

வடகடல் கரையோரம் மண்டபத்திலிருந்து தொண்டிப் பக்கம் வரை பல ஊர்களில் மூங்கில் சட்டத்தில் கடல்பாசி வளர்க்கிறார்கள். அதில் நிறையப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. தண்ணீர் மட்டத்தில் கிடக்கும் மூங்கில் எதிர்வெயிலில் கண்ணுக்கே தெரியாது, நங்கூரக் கயிறும் நீளமாக ஓடும். ஊரில் பேசும்போதே "மிதவை எங்கே முடியுது, எந்த வழியா வந்தா இடைஞ்சல் இல்லை?" என்று கேட்டு, அந்த வழியில் கரையில் ஒரு கம்பு நட்டு நிறமான துணி கட்டி வையுங்கள். நண்டு வலைக்குத் தெர்மாகோல் மிதப்பு அடையாளம்.

தெரியாமல் ஏறிவிட்டால் வலையை அறுக்கக் கூடாது. துடுப்பால் தாழ்த்தித் தாண்டப் பார்க்க வேண்டும். சேதம் ஆகிவிட்டால் கரையேறிய உடனே உரியவரைத் தேடிப்போய்ச் சொல்லி, கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். ஒரு வலையின் விலை உங்களுக்கு ஒரு நாள் லாட்ஜ் வாடகையாக இருக்கலாம். அவருக்கு அது ஒரு வாரத்து அடுப்பு.

ரூம் எத்தனை நாளுக்குப் போடணும்? திரும்புற டிக்கெட்?

குறித்த தேதிக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள். திரும்பும் ரயில் டிக்கெட்டை இறங்கிய மறுநாளே போட்டுவிட்டு, அந்த டிக்கெட்டுக்காகக் காற்றில் கிளம்பி வந்தவர்கள் உண்டு. அது ரொம்பத் தப்பு. முன்பதிவு செய்வதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றிலும் கூட்டம் தாங்காது, அறையும் கிடைக்காது, வண்டியும் கரை வரை விடமாட்டார்கள். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்திலும் அப்படியே. ஒரு விடுதியில் ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு எங்கள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் "படகில் வருகிறார்கள், நாள் முன்னே பின்னே ஆகும்" என்று முதலிலேயே சொல்லி, அதற்கு ஒத்துக்கொள்ளும் இடத்தில்தான் போடுகிறோம்.

படகை ஊருக்கு எப்படி எடுத்துட்டுப் போறது? குட்டி யானை போதுமா?

போதாது. குட்டி யானையின் பின்புறம் ஏழு அடிதான், கடல் கயாக் பதினைந்து பதினேழு அடி இருக்கும். 17 அடி ஐச்சர் லாரி பேசுங்கள். ராமநாதபுரத்தில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் செலவு குறையும், அதற்கும் மூன்று நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே தேங்கியதை வடியவிட்டு, அடியில் பழைய டயரோ வைக்கோலோ போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டாமல் கிளம்பாதீர்கள்.

வரவேற்புக்கு மாலை, மேளம், பத்திரிகைக்காரங்க எல்லாம் ஏற்பாடு பண்ணலாமா?

பண்ணுங்கள். நெடுந்தூரம் கடலில் வந்தவரைக் கரையில் நின்று வரவேற்பது இந்த மண்ணின் வழக்கம்தான். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்து இறங்கியது இதே குந்துகாலில். சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியே நேரில் வந்து வரவேற்றார். அந்த இடத்தில் இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. குந்துகாலை நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே நிபந்தனை: நேரம் குறித்த விழா வேண்டாம். பதினொரு மணிக்கு விருந்தினர் வருகிறார் என்றால் படகில் இருப்பவர்கள் அதற்காக அவசரப்படுவார்கள். விழாவை மறுநாள் மாலைக்கு வையுங்கள். கரையில் அன்று நீங்களும் அந்த ஊர்க்காரர்களும் இருந்தால் போதும். டிரோன் பறக்கவிட நினைத்தால் அனுமதி வாங்காமல் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள், உச்சிப்புளியையும் எல்லையையும் மேலே சொல்லியிருக்கிறேன்.

கடைசி நாள், பதினஞ்சு கிலோமீட்டர்தான் பாக்கி. ஒருத்தர் மட்டும் முடியலைங்கிறார். நாங்க என்ன சொல்லணும்?

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இதுதான். நம் வாயில் முதலில் வருவது "இவ்வளவு தூரம் வந்துட்டே, இன்னும் கொஞ்சம்தானே!" அதைச் சொல்லாதீர்கள். கரையிலிருந்து சொல்பவருக்கு அது அன்பு, கடலில் கேட்பவருக்கு அது கட்டளை. நண்பர்கள் வருத்தப்படுவார்களே என்று தோள் கழன்ற வலியோடு துடுப்பு போடுவார்கள்.

வேதாளையில் ஒரு முறை இப்படி ஆனது. தோள்பட்டை வீங்கி, ஒரு பெண்ணால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. என் தம்பிதான், "தங்கச்சி, கடல் எங்கேயும் போயிடாது. வண்டி நிக்குது, ஏறிக்க" என்றான். அவள் அழுதாள். ஆனால் ஏறினாள். மற்ற இருவரும் மதியம் குந்துகாலில் இறங்கியபோது கரையில் நின்று கயிற்றை வாங்கிக் கட்டியது அவள்தான். ஆறு மாதம் கழித்து, தை அமாவாசைக் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு, வேதாளைக்கே திரும்பி வந்து அந்தப் பதினைந்து கிலோமீட்டரையும் போட்டு முடித்தாள்.

இதற்காகத்தான் கடைசி நாள் பாதையில் எட்டுப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை கரையேறக்கூடிய இடத்தை முன்பே பார்த்து வைத்து, வண்டியையும் ஓட்டுநரையும் கூடவே நகர்த்தச் சொல்கிறேன். "எங்கே வேணாலும் இறங்கலாம், நாங்க அங்கே இருப்போம்" என்று முந்தின இரவே போனில் சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

எல்லாரும் நல்லபடியா வந்துட்டாங்க. இனிமே எங்க வேலை முடிஞ்சுதா?

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்த கடலோரக் காவல் நிலையத்துக்கு, "வந்து சேர்ந்துவிட்டார்கள், இத்தனை பேர், இந்த நேரம்" என்று சொல்ல வேண்டும். வழியில் உங்களுக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்களுக்கும் ஒவ்வொரு போன். சந்தோஷத்தில் இதை மறந்து ஊருக்குப் போய்விட்ட ஒரு குழுவைப் பற்றி, மறுநாள் காலையிலும் பெரியபட்டினத்தில் ஒருவர் "அந்தப் புள்ளைங்க வந்து சேர்ந்துச்சா?" என்று திரும்பும் ஒவ்வொரு படகிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.